சாய்ப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

பொய் சொன்னது நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எண்பத்தோராம் வருஷம், துலா மாசம், அதாவது ஐப்பசி, முடிய இரண்டு நாள் பாக்கி இருந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஆபீசிலிருந்து வந்து வாசலிலேயே செருப்போடு நின்றுகொண்டு, "அம்மா, நான் தூரமாயிட்டேன்" என்று மாமியாரிடம் சொன்னேன். ஆகவில்லை. ஆவதற்கு இன்னும் பத்து நாளாவது இருந்தது.

எதற்காகச் சொன்னேன் என்று கேட்டால், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக. ஒரு நாள், ஒரே ஒரு நாள், விடிந்து அஸ்தமிக்கிறவரை யாருக்கும் எதுவும் செய்யாமல் கால் நீட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. பெரிய ஆசையா இது, நீங்களே சொல்லுங்கள்.

மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கம்பெனியில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. காலை நாலரைக்கு எழுந்து பாதிச் சமையலை முடித்து, கங்காவுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பி, ஒன்பது மணிக்குக் கம்பெனியில் இருக்க வேண்டும். ஆறு மணிக்குத் திரும்பினால் மீதிப் பாதி காத்துக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் எல்லோருக்கும் லீவு. எனக்கு மட்டும் வாரம் முழுவதுக்கும் சேர்த்து மாவாட்டல், ஆறு நாள் அழுக்குத் துணி, அண்டா குண்டா தேய்ப்பு. இது போதாதென்று மாமனாரின் சீட்டுக் கச்சேரி வேறு. ரிடையர் ஆனதிலிருந்து மாமனார் வெங்கிடாசலத்துக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் தோட்டத்து மாமரத்தடிதான். அவருடைய சிநேகிதர் அப்பு மாமாவும் இன்னும் இரண்டு பேரும் பத்து மணிக்கு வந்து உட்கார்ந்தால் விளக்கு வைக்கிறவரை எழுந்திருக்க மாட்டார்கள். மூன்று தடவை காப்பி, ஒரு தடவை டிபன். கேட்டால், பாவம், பெரியவர்கள், வேறென்ன பொழுதுபோக்கு என்பார் என் ஆத்துக்காரர் சிவசங்கரன். பெரியவர்களுக்குப் பொழுது போகிறது, எனக்குப் பிராணன் போகிறது.

எங்கள் வீட்டுக் கட்டுப்பாடு தெரிந்ததுதான். மாதவிலக்கான பெண் மூன்று நாள் அடுக்களைக்குள் போகக் கூடாது. கிணற்றைத் தொடக் கூடாது, மனுஷரைத் தொடக் கூடாது, பூச்செடியைக்கூடத் தொடக் கூடாது. கொல்லையில் கிணற்றடியை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் போட்டு இறக்கிய ஒரு சாய்ப்பு இருக்கிறது. பாய், தட்டு, டம்ளரோடு அங்கேயே கிடக்க வேண்டும். சாப்பாட்டைத் தூர நின்று தட்டில் போடுவார்கள். நாலாம் நாள் குளித்துவிட்டு உள்ளே வரலாம். நடுவில் ஆபீசுக்கு மட்டும் போகலாம். சம்பளத்துக்குத் தீட்டுக் கிடையாது போலிருக்கிறது.

அதனால்தான் என் வயிற்றெரிச்சல். ஆறு மாசமாக எனக்கு அது புதன், வியாழன், வெள்ளி என்றுதான் வந்துகொண்டிருந்தது. பகலெல்லாம் ஆபீசில் டைப் அடித்துவிட்டு, ராத்திரி சாய்ப்பில் வந்து கொசுக்கடியில் படுப்பேன். தண்டனை மட்டும் முழுசாகக் கிடைக்கும், ஓய்வு கிடைக்காது. ஒரு தடவையாவது ஞாயிற்றுக்கிழமையில் வரக் கூடாதா? வரவில்லை. நானே வரவழைத்துக்கொண்டேன்.

நான் சொன்னதும் மாமியார் காமாக்ஷி என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். அரிசி களைந்த கை ஈரமாக இருந்தது. "சரி, பின்பக்கமா போ. பாயைப் போட்டு வெக்கறேன்" என்றாள். அவ்வளவுதான். இத்தனை சுலபமா என்று எனக்கே ஆச்சரியமாகிவிட்டது. முன்பே செய்யாமல் போனோமே என்றுகூட நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. ஆபீசில் இரவல் வாங்கிய நாலு வாரப் பத்திரிகைகளைத் தலைமாட்டில் அடுக்கி வைத்துக்கொண்டு, ராணி மாதிரி காலை நீட்டி உட்கார்ந்தேன். ஒரு தொடர்கதையில் ஒரு அத்தியாயம் முடித்திருப்பேன். அதற்குள் வெயில் வந்துவிட்டது.

அந்த வருஷம் துலாவர்ஷம் எங்கே போய்த் தொலைந்ததோ தெரியாது. மற்ற வருஷங்களில் துலா மாசம் என்றால் மத்தியானம் மூன்று மணிக்கு வானம் கறுத்து, இடி இடித்து, மாமரத்தடியெல்லாம் வெள்ளமாக நிற்கும். அந்த வருஷம் ஒரு தூறல் கிடையாது. சித்திரை மாசத்து வெயில் வழி தவறி வந்துவிட்டதுபோல் கொளுத்தியது. கிணற்றில் தண்ணீர் கீழே போய், வாயில் வைத்தால் உப்புக் கரித்தது. வல்லார்பாடம் தீவுப் பக்கமிருந்து காலையில் கொஞ்சம் காயல் காற்று வரும், அதுவும் நின்றுபோயிருந்தது. யூதத் தெருவான ஜூ டவுனின் கிடங்குகள் பூட்டிக் கிடந்தும் சுக்கு நெடி மட்டும் அசையாமல் காற்றில் நின்றது. ஒன்பதரை மணிக்கெல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை அப்பளம் சுடுகிற சூட்டுக்கு வந்துவிட்டது. சாய்ப்பில் மின்விசிறி கிடையாது. ஜன்னலும் கிடையாது. கழுத்தெல்லாம் வேர்க்குரு. பத்திரிகையால் விசிறிக்கொண்டேன். தொடர்கதையில் என்ன ஆயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சரி, வெயில்தானே, பொறுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், மனுஷர்கள் விட்டால்தானே!

"ஸ்வர்ணம், என் கரை வேஷ்டி எங்க வெச்சே?" பத்தடி தள்ளி நின்றுகொண்டு ஆத்துக்காரர்.

"அலமாரியில ரெண்டாவது தட்டு."

"ரெண்டாவதுன்னா மேலேர்ந்தா, கீழேர்ந்தா?"

"இருக்கறதே மூணு தட்டு. மேலேர்ந்து எண்ணினாலும் கீழேர்ந்து எண்ணினாலும் அதுதான் ரெண்டாவது!"

அவர் போனதும் கங்கா. ஏழு வயசு. "அம்மா, மடியில உக்காரணும்." தொடக் கூடாதுடி கண்ணே என்றால் உதட்டைப் பிதுக்குகிறாள். அந்த முகத்தைப் பார்த்துப் பொய்யைக் காப்பாற்றுவது சும்மா விஷயமில்லை. பேச்சை மாற்ற, சுவரோரம் என் பிச்சிக்கொடி வாடிக்கொண்டிருந்ததைக் காட்டி, ஒரு சொம்பு தண்ணீர் விடச் சொன்னேன். அவள் பாதியைக் கொடிக்கும் பாதியைப் பூனைக்கும் விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே ஓடிப்போனாள். மூன்று வருஷமாக நான் வளர்த்த கொடி. இரண்டடி தூரத்தில் இலை சுருண்டு தொங்குகிறது. தொட்டால் பட்டுப்போகுமாம். தண்ணீர் விடாவிட்டால் பட்டுப்போகாதா? யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

பத்து மணிக்குக் கச்சேரி கூடியது. மாமரத்தடியில் ஜமுக்காளம், நடுவில் சீட்டு, பக்கத்தில் டிரான்சிஸ்டர். ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஆத்துக்காரரும் சாய்வுநாற்காலியில் சேர்ந்துகொண்டார். நிழல், காற்று, காப்பி. என் கண்ணெதிரே, நான் ஆசைப்பட்ட ஞாயிற்றுக்கிழமையை அவர்கள் அனுபவித்துக்கொண்டிருந்தார்கள்.

பதினோரு மணி சுமாருக்கு ஆட்டுக்கல் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை எனக்கு அது தோன்றவேயில்லை. வேலையிலிருந்து நான் விலகிக்கொண்டால் வேலையும் விலகிவிடும் என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. மடச்சி! மாவு அரைபட வேண்டாமா? துணி துவைபட வேண்டாமா? என் மாமியாருக்கு ஐம்பத்தெட்டு வயசு. இரண்டு முழங்காலிலும் வாதம். உட்கார்ந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பாள். அந்தக் காலை மடக்கிக்கொண்டு, அந்த வெயிலில், நாலு படி அரிசி ஆட்டிக்கொண்டிருந்தாள்.

கோயம்புத்தூரிலிருந்து மின்சார ஆட்டுக்கல் வாங்கலாம் என்று நான் இரண்டு வருஷமாகச் சொல்லி வருகிறேன். "இங்கத்த வோல்டேஜுக்கு அது சுத்தாது" என்பார் ஆத்துக்காரர். மாமியாரின் தோள் எந்த வோல்டேஜிலும் சுற்றும்.

"கேட்டேளா! இங்க வாங்கோ!" என்று கத்தினேன். நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமலேயே தலையைத் திருப்பினார்.

"அம்மா ஒருத்தியா ஆட்டிண்டிருக்கா. கொஞ்சம் வெள்ளமாவது கோரிக் குடுக்கப்படாதா?"

எழுந்து போய் இரண்டு வாளி இறைத்து வைத்துவிட்டு, என்னமோ மலையைப் புரட்டியவர்போல இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "மதியா, இவ்வளவு போறுமா? அம்மாவுக்கு இதெல்லாம் பழக்கமாக்கும். நீ பேசாம ரெஸ்ட் எடுத்துக்கோ."

ரெஸ்ட்! எனக்கு வந்த கோபத்தில் டம்ளரை எடுத்து அவர்மேல் எறியலாமா என்றிருந்தது. தீட்டு டம்ளர், குளிக்க வேண்டிவரும், அந்தக் கஷ்டமாவது படட்டும் என்று தோன்றியது. எறியவில்லை. எறிந்திருக்க வேண்டும்.

ஒரு மணிக்கு மாமியார் எனக்குச் சாதம் கொண்டுவந்து தூர நின்று தட்டில் போட்டாள். முகமெல்லாம் நெருப்பாகச் சிவந்திருந்தது. புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. "அம்மா, துணியை நாளைக்குத் துவைச்சுக்கலாமே" என்றேன்.

"நாளைக்கு யாரு வந்து துவைப்பா?" என்றுவிட்டுப் போனாள்.

நியாயமான கேள்வி. சாதத்தைப் பிசைந்து பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து உள்ளே போய் நான் சொன்னது பொய் என்று சொல்லிவிடலாமா? நாலு எட்டு வைத்தால் அடுக்களை. ஆனால் மாமரத்தடியைத் தாண்டித்தான் போக வேண்டும். மாமனாரும் அப்பு மாமாவும் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். இந்த விஷயத்தில் பொய் சொன்ன மருமகள் என்று மட்டாஞ்சேரி முழுக்கப் பேர் வந்துவிடும். திருட்டுக்குக்கூட மன்னிப்பு உண்டு, இதற்குக் கிடையாது. போதாக்குறைக்கு, இனி நான் நிஜமாகவே தூரமானாலும் யார் நம்புவார்கள்? உட்கார்ந்தே இருந்தேன். கோழை.

இரண்டரை மணிக்குத் துவைகல் சத்தம் பாதியில் நின்றது. மறுபடி கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. மாமரத்தடியில் யாரோ ஜெயித்துச் சிரித்தார்கள். எழுந்து கிணற்றடிப் பக்கம் ஓடினேன். மாமியார் துவைகல்லில் சாய்ந்து, கண்ணை மூடி, ஈரத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"அம்மா!"

கண்ணைத் திறந்தாள். "ஒண்ணுமில்லை. தலையைச் சுத்தித்து. நீ எதுக்கு இங்க வந்தே? கிணத்தைத் தொட்டுடாதே. போ."

"நான் துவைச்சுடறேன்மா, நீங்க..."

"போன்னா போ."

அதட்டினால் அவள் குரலுக்கு மேல் பேசி எனக்குப் பழக்கமில்லை. திரும்பி வந்தேன். சாய்ப்பு வாசலில் நின்று அழுதேன். கோபத்தில்தான் அழுதேன். யார்மேல் கோபம் என்று கேட்டால், வெயில்மேல், மாமரத்தடிமேல், சுற்றாத வோல்டேஜ்மேல், எல்லாவற்றுக்கும் மேலாக என்மேல்.

நாலு மணிக்கு மாமியார் ஒரு சொம்பு மோரோடு வந்தாள். நான் வழக்கம்போல் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டேன். அவள் தூக்கி ஊற்றவில்லை. வாசல்படி தாண்டி உள்ளே வந்தாள். என் பக்கத்தில், பாயில், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். என் கழுத்தைத் திருப்பி வேர்க்குருவைப் பார்த்துவிட்டு, தன் புடவைத் தலைப்பால் ஒற்றினாள்.

நான் துள்ளிவிட்டேன். "ஐயோ அம்மா! என்னைத் தொட்டுட்டேளே!"

பதினோரு வருஷமாக நான் பார்த்த காமாக்ஷி அம்மாள், தீட்டுக்காரியின் நிழல் பட்டால்கூட மறுபடி குளிக்கிறவள்.

"தொட்டா என்னடி? உனக்குத்தான் ஒண்ணுமில்லையே."

நான் பாயின் ஓரத்தைப் பிய்க்க ஆரம்பித்தேன்.

"தீபாவளிக்கு மறுநாள்தானே நீ இங்க வந்து உக்காந்தே? நேத்திக்குப் பதினேழு நாள். எனக்கு எண்ணத் தெரியாதாக்கும்?"

"பின்ன... பின்ன ஏன் நேத்திக்கே சொல்லலை?"

"என்னத்தைச் சொல்றது? வாசல்ல நின்னப்போ உன் மூஞ்சியைப் பார்த்தேன். ஒரு நாள் கிடக்கட்டும்னு தோணித்து." மோரை எடுத்து என் கையில் கொடுத்தாள். "நானும் பண்ணியிருக்கேன். என் மாமியார் இருந்தப்போ, வருஷத்துல ரெண்டு தடவையாவது. இதே சாய்ப்பு. அப்போ ஓலைக் கூரை, இப்படிக் கொதிக்காது. நன்னாத் தூங்குவேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இந்த அம்மாளா! "அம்மா, நான் இப்பவே குளிச்சுட்டு உள்ளே வந்துடறேன். மிச்சத் துணியை நான் பார்த்துக்கறேன்."

"அசடே, வராதே. இப்ப வந்தா அவாளுக்கு என்ன பதில் சொல்லுவே? இரு, இன்னும் ரெண்டு நாள். ஆரம்பிச்சாச்சு, முழுசா இருந்து தீர்த்துடு." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கு நின்னு எட்டு வருஷமாச்சு ஸ்வர்ணம். நின்னுடுத்துன்னு தெரிஞ்ச அன்னிக்கு நான் அழுதேன். வயசாயிடுத்தேன்னு அழறேன்னு உன் மாமனார் நினைச்சுண்டார். எனக்கு அதுவா? மாசத்துல அந்த மூணு நாள்தான் என்னை யாரும் கூப்பிட மாட்டா. அதுவும் போச்சு. அதுக்கப்புறம் எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமையும் கிடையாது."

அந்த வீட்டுக்கு நான் வந்து பதினோரு வருஷம். எட்டு வருஷமாக அவள் சாய்ப்புக்குப் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். போகாததால் அவளுக்கு என்ன போயிற்று என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. கையில் இருந்த மோரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அப்போதுதான் மாமரத்தடியிலிருந்து மாமனார் குரல் வந்தது. "காமு! அப்பு காத்துண்டிருக்கான், காப்பி எங்கே?"

மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். வாசலுக்குப் போய், எனக்கு இருக்கிற தொண்டை முழுவதையும் திறந்து கத்தினேன். "அப்பா! அம்மா என்னைத் தொட்டுட்டா!"

சீட்டு நின்றது. டிரான்சிஸ்டரைக்கூட யாரோ குறைத்தார்கள்.

"தொட்டுட்டாளா? எதுக்குத் தொட்டா?"

"தலை சுத்தி விழப் பார்த்தா. என்னைப் பிடிச்சுண்டுட்டா. அடுக்களைக்கு வரப்படாதே இப்போ!"

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மாமனார் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அதுக்கென்ன, ஒரு முழுக்குப் போட்டுட்டு வரச் சொல்லு. அஞ்சு நிமிஷ வேலை. காப்பி கொஞ்சம் தாமசமானாப் பரவாயில்லை."

பரவாயில்லையாம்! என்ன தாராள மனசு! அவர் சொன்னது சரிதான், தொட்டவளுக்கு ஒரு குளிதான் கணக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன்.

மாமியார் என் பாயில் படுத்துவிட்டிருந்தாள். என் பத்திரிகைகள் அவள் தலைக்கு உயரமாக இருந்தன. கண் மூடியிருந்தது. அப்படியே, குரலை மட்டும் உயர்த்திச் சொன்னாள்: "வேர்த்துக் கொட்டற உடம்போட இந்த நேரத்துல குளிச்சா ஜுரம் வரும். நாளைக்குக் காலம்பரதான் குளிப்பேன்."

மாமரத்தடியில் யாரோ டிரான்சிஸ்டரை அணைத்தார்கள்.

"அப்போ காப்பி?" என்றார் மாமனார். குரல் பாதியாகிவிட்டிருந்தது.

"அடுப்பு உள்ளேதான் இருக்கு."

"ராத்திரிச் சாப்பாடு?"

"சாதம் இருக்கு, மோர் இருக்கு. உங்க அஞ்சு பேருக்கும் கை இருக்கு."

சற்று நேரம் கழித்துச் சாய்வுநாற்காலி கிறீச்சிடுவதும், யாரோ அடுக்களைப் பக்கம் நடப்பதும் கேட்டது. நான் எட்டிப் பார்க்கவில்லை. கூரை இன்னும் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. இரண்டு பேர் படுக்கிற பாயில்லை அது. நான் சுவரோரம் ஒடுங்கிப் படுத்துப் பத்திரிகையால் அவளுக்கு விசிறினேன். அவள் விசிறிய கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ தூங்கு," என்றாள். "காலைக் கொஞ்சம் மடக்கிக்கோ ஸ்வர்ணம். எனக்கு நீட்டணும்."